வெளியூர் ரேட்

“ஏன் கண்ணு, உங்க ஊர்ல பேசறதுக்கும் லைசென்ஸ் வாங்கணுமா?”

பிரிட்டாவுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது ஸ்டாஷ் கேட்ட கேள்வி இது. ஸ்டாஷையும் சேர்த்து விஸ்கான்சினிலிருந்து மான் வேட்டைக்கு வந்திருந்த மூன்று பேரும் அவளுடைய அப்பா ஹார்லனும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வந்து மூன்று நாளாகியிருந்தது. அந்த மூன்று நாளும் பிரிட்டா காபி ஊற்றினாள், தட்டு கழுவினாள், ஈரக் காலுறைகளை அடுப்புப் பக்கம் காயப்போட்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஸ்டாஷ் விடுகிற ஆளில்லை. “உள்ளூர்க்காரிதானே நீ? உனக்கு முப்பது டாலருக்குக் கொடுத்துடுவானே. எங்கள மாதிரி வெளியூர் ரேட்டா கேக்கறான்? காசில்லன்னா சொல்லு, நான் வாங்கித் தரேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிரிட்டாவின் காது மடல் வரை சிவந்துவிட்டது. காபிக் குவளையைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கான பதில் பத்து நாள் கழித்து, கன்றுகளுக்குப் பால் வாளி தூக்கிக்கொண்டு போகும்போது அவளுக்குத் தோன்றியது. நல்ல பதில்தான். ஆனால் கேட்டவர் அப்போது முந்நூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருந்தார். வேறு யாரிடமும் சொல்லிப் பயனில்லாத பதில் அது. அப்படியே மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். விடை தெரியும், எழுந்து நின்றால் வராது. ஒரு டீச்சர் மாற்றி ஒரு டீச்சர் அவளை வகுப்புக்கு முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். பதினாறு முடிந்த வாரம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுகொண்டாள். இப்போது பதினெட்டு. நெடுஞ்சாலையில் வெர்லின் நடத்தும் பெட்ரோல் கடையில் வேலை. பெட்ரோல், துண்டு பீட்சா, கையுறை, மீன் பிடிக்க மண்புழு, அப்புறம் கல்லாவுக்குப் பக்கத்தில் வேட்டை லைசென்ஸ் அச்சடிக்கும் மெஷின். கேள்விகளை மெஷினே கேட்டுவிடும். அவள் எண்களைத் தட்டினால் போதும்.

அந்த மெஷினில் ஊர்க்காரர்களுக்கு ஒரு விலை, மற்ற மாநிலத்துக்காரர்களுக்கு இன்னொரு விலை. ஊர்க்காரர் ஒரு ஜோடி கையுறை விலைக்கு வாங்கிக்கொண்டு போவார். வெளியூர்க்காரருடைய தொகை திரையில் வரும்போது பிரிட்டாவுக்கே கூச்சமாக இருக்கும். அறுநூற்றுச் சொச்சம் டாலர். அதையும் அண்மையில் மறுபடி ஏற்றியிருந்தார்கள்.

“இன்னும் ஏத்தணும்” என்பார் வெர்லின். அவருக்கு இதில் ஒரு கோபம் இருந்தது. அவருடைய தெற்கு எல்லையை ஒட்டிய நிலத்தை யாரோ ஒரு வெளியூர்ப் பணக்காரன் வேட்டைக்கென்றே குத்தகைக்கு எடுத்துக் கம்பி கட்டி, மரத்துக்கு மரம் கேமரா வைத்திருந்தான். “ஆயிரம் ஆக்கட்டும். அப்பத்தான் வர்றத நிறுத்துவானுங்க.”

“அவன் ஏழாயிரம் ஆனாலும் வருவான் வெர்லின்” என்பார் ஹார்லன். “நின்னுபோறது ஆம்ப்ரோஸ் மாதிரி ஆளுங்கதான்.”

வெர்லின் பீட்சா அடுப்பைத் துடைக்கப் போய்விடுவார். ஆம்ப்ரோசை அவர் வெளியூர்க்காரர் கணக்கில் சேர்த்ததில்லை.

ஆம்ப்ரோஸ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எழுபத்தைந்து வயது. அவருடைய மனைவி ரோசலியின் தம்பி நோர்ப், பாலாடைக்கட்டி ஆலையில் இருந்தவர். ஸ்டாஷ் அவர்கள் தெருவில் கூரை வேய்கிறவர், மூவரில் சின்னவர், வாய் மட்டும் பெரிது. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், அவர்களுடைய வண்டி ஹார்லனின் வாசல் பாதையில் அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. ஹார்லன் டிராக்டர் கட்டி இழுத்துவிட்டார். இழுத்த கையோடு சாப்பிடக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அவர்களுக்கு வேட்டைக்காடு என்றால் ஹார்லனின் ஓடைக்கரைதான். நிலத்துக்கென்று ஹார்லன் ஒரு டாலர் வாங்கியதில்லை. வேட்டை முடிந்த மறுநாள் மூவரும் ஒரு நாள் முழுக்க அவருடைய வேலியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அது யாரும் பேசி முடிவு செய்யாத ஏற்பாடு.

“உங்க ஊர்ல மான் இல்லையா?” என்று யாராவது கேட்டால் ஸ்டாஷ் சொல்வார்: “இருக்கு. நாய் மாதிரி தெருவுல திரியும். சைசும் நாய் சைஸ்தான்.”

ஆனால் வெளியூர்க்காரர்கள் நினைத்த வருஷம் வந்துவிட முடியாது. மே மாதம் விண்ணப்பிக்க வேண்டும், குலுக்கல் நடக்கும். லைசென்ஸ் கிடைக்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் பணம் கட்டி ஒரு புள்ளி வாங்கி வைக்கலாம். புள்ளி சேரச் சேர வாய்ப்பு கூடும். கிடைத்துவிட்டால் புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. முன்பெல்லாம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வந்தார்கள். அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆனது. இப்போது ஹார்லனின் பகுதிக்கு நான்கு புள்ளி இருந்தால்தான் நிச்சயம். கும்பலாக விண்ணப்பித்தால் எல்லாருடைய புள்ளியையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். கிடைத்தால் எல்லாருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை.

அந்த மே மாதம் கடைக்கு ஆம்ப்ரோசிடமிருந்து போன் வந்தது.

“பிரிட்டாவா? எப்படிம்மா இருக்கே? அந்தக் கம்ப்யூட்டர் கிட்ட நான் போனா அது அணைஞ்சுடுது. நீயே போட்டுடேன். நாலு வருஷமா புள்ளி கட்டிட்டோம். இந்த வருஷம் நம்ம வருஷம்.”

“ம்” என்றாள் பிரிட்டா.

“எப்பவும் போல மூணு பேரும் ஒண்ணா போடு. டாக்டர் இடுப்பு எலும்பை மாத்தணும்ங்கறார். ஜனவரி வரைக்கும் கிட்ட வராதீங்கன்னு சொல்லிட்டேன். அந்த வால்நட் மரத்தடியில இன்னொரு தடவை நின்னுட்டு வந்துடறேன், அப்புறம் வெட்டுங்கன்னு சொன்னேன்.”

அவர் தந்த மூன்று எண்களையும் பிரிட்டா தட்டினாள். திரையில் மூன்று பேருடைய புள்ளிகளும் வரிசையாக வந்தன. ஆம்ப்ரோஸ், நான்கு. ஸ்டாஷ், நான்கு. நோர்ப், இரண்டு.

மறுபடி பார்த்தாள். இரண்டுதான். நோர்ப் இரண்டு வருஷம் புள்ளி வாங்கவில்லை. மூன்று பேரையும் சேர்த்தால் மூன்றேகாலுக்குக் கொஞ்சம் மேலே. நான்குக்குப் பக்கத்தில்கூட வராது. பிரிட்டாவுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆம்ப்ரோசையும் ஸ்டாஷையும் தனியாகப் போட்டால் கிடைத்துவிடும், மூன்று பேராகப் போட்டால் கிடைக்காது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

சொல்ல வாயெடுத்தாள். அப்போது போனில் இன்னொரு குரல் கேட்டது. ஆம்ப்ரோஸ் ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. நோர்ப்தான். “எல்லாம் சரியா இருக்காம்மா?” என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். விடை தெரியாமல் வகுப்பில் எழுந்து நிற்கிறவனின் குரல் அது.

“சரியா இருக்கு” என்றாள்.

அவள் அவர்களிடம் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம். அதுவும் பொய்.

ஜூனில் முடிவு வந்தது. மூன்று பேருக்கும் இல்லை. அன்று மாலையே ஆம்ப்ரோஸ் போன் செய்தார். குரலில் குறை ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“குலுக்கல்னா அப்படித்தாம்மா. முப்பது வருஷம் நமக்கு விழுந்துச்சு, இப்ப வேற யாருக்கோ விழட்டும். இனிமே போட வேணாம். வருஷா வருஷம் ரேட்டும் ஏறுது, எனக்கு வயசும் ஏறுது. ரெண்டையும் சேர்த்து யாரு தூக்கறது? அப்பா கிட்ட சொல்லிடு.”

போனுக்கு இந்தப் பக்கம் பிரிட்டா தலையை ஆட்டினாள். தலையாட்டுவது அங்கே தெரியாது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

கோடை முழுக்க அது அவளைப் பிடுங்கியது. விண்ணப்பத்தோடு இந்த வருஷப் புள்ளிக்கும் பணம் கட்டியிருந்தார்கள்; உண்மையைச் சொன்னால் அடுத்த மே மாதம் ஆம்ப்ரோசுக்கு ஐந்து புள்ளி. வால்நட் மரம் அவர் கையில். சொல்லாவிட்டால் தன்னுடைய அதிர்ஷ்டம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டே அவர் துப்பாக்கியை விற்றுவிடுவார். ஆனால் சொல்வதென்றால் நோர்ப்பை அவருடைய அக்கா கணவர் முன்னால் காட்டிக்கொடுக்க வேண்டும். தான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் குளிர்பானப் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்து இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன் நன்றாகத்தான் வந்தது.

நவம்பர் கடைசியில் ஹார்லன் விஸ்கான்சினுக்குப் போன் போட்டார்.

“லைசென்ஸ் இல்லாதவனுக்குச் சோறு போடக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லையே? வந்து சேருங்கடா.”

டிசம்பர் முதல் சனிக்கிழமை வேட்டை தொடங்கும். வெள்ளி சாயங்காலம் அந்தப் பழைய நீல வண்டி வாசலில் வந்து நின்றது. ஆம்ப்ரோஸ் ஊன்றுகோலுடன் இறங்கினார். நோர்ப் ஒரு பெரிய அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். ஸ்டாஷ் இறங்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்திருந்தார்.

“கண்ணு! வளர்ந்துட்டியே! கடையில நிக்கிறியாமே. எப்படி வியாபாரம் பண்றே, சைகையிலயா?”

பிரிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. பதில் வரவில்லை.

அந்தப் பக்கத்து வேட்டைமுறை இப்படி: பாதிப் பேர் ஓடையின் மேல் முனையிலிருந்து வரிசையாகக் காட்டுக்குள் நடந்து மானைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள், மீதிப் பேர் கீழ் முனையில் ஆளுக்கொரு இடத்தில் காத்து நிற்பார்கள். லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கி தொடக்கூடாது என்பது மட்டுமில்லை, கூட நடந்து சத்தம் கொடுக்கவும் கூடாது.

“நான் வாசல்ல நின்னு தும்மினாலே மான் ஓடும்” என்றார் ஸ்டாஷ். “அதுக்குக் கேஸ் போடுவானா?”

“உனக்கு வாய்ப்பூட்டு போட்டா மாநிலத்துக்கே நல்லது” என்றார் ஹார்லன்.

சனிக்கிழமை விடியலில் அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழு பேர் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாகக் களத்தில் கூடினார்கள். வெர்லின்தான் வழக்கம்போல இடம் பிரித்தார். நீ பாலத்துக்கு, நீ சோளக்காட்டு மூலைக்கு, நீ பழைய கிணற்றுக்கு. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“வால்நட் மரம்?”

ஓடை வளைகிற இடத்தில் தனியாக நிற்கிற மரம் அது. முப்பது வருஷமாக, அவர் வந்த வருஷங்களில் எல்லாம், அங்கே ஆம்ப்ரோஸ்தான் நிற்பார். வராத வருஷங்களில் யாராவது நிற்பது உண்டு. இந்த வருஷம் அவர் இங்கேயே, சமையலறை வாசலில், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது அப்படியே இருக்கட்டும்” என்றார் ஹார்லன்.

“இருக்கட்டும்” என்றார் வெர்லின். வெளியூர்க்காரனுக்கு ஆயிரம் டாலர் போடச் சொன்ன அதே வெர்லின்.

உள்ளே நோர்ப் அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டார். கோழி, மாட்டெலும்பு, முட்டைக்கோஸ், காரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் போட்டு அரை நாள் வேகவைக்கிற சாறு. அவர்கள் ஊர்ப்பக்கம் பூயா என்பார்கள். ஸ்டாஷ் வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே மாநில அரசைத் திட்டினார்.

பிரிட்டாவுக்கு மதியம்தான் கடை. இரண்டு குவளை காபியை எடுத்துக்கொண்டு ஆம்ப்ரோசைத் தேடிப் போனாள். அவர் டிராக்டர் கொட்டகையின் பக்கத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பைனாகுலரில் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி லேசாகத்தான் இருந்தது. மேலேயிருந்து ஆட்கள் ஹோய் ஹோய் என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வருவது கேட்டது.

“முன்னெல்லாம் இந்நேரத்துக்கு முப்பது மானாவது வெளிய வந்திருக்கும்” என்றார் ஆம்ப்ரோஸ். “உங்கப்பா சொன்னார். ரெண்டு வருஷம் முன்னாடி ஆகஸ்ட்ல ஏதோ காய்ச்சல் வந்து ஓடையோரமா செத்துச் செத்துக் கெடந்துச்சாமே. பாவம், தண்ணி தேடி வந்திருக்கும்.”

பாலத்துப் பக்கம் ஒரு வெடிச்சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றுப் பக்கம் இரண்டு. இரண்டு பெண் மான்கள் சோளக்கட்டைகளைத் தாண்டி ஓடின. அவ்வளவுதான் என்று பிரிட்டா நினைத்தபோது ஆம்ப்ரோஸ் அவள் கையைப் பிடித்தார்.

வளைவில், வால்நட் மரத்துக்கு நேர் கீழே, ஒரு ஆண் மான் வந்து நின்றது. பிரிட்டாவுக்கு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. கொம்பு ஒரு நாற்காலியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. அது ஓடவில்லை. பின்னால் வருகிற சத்தத்தைக் கேட்டது, மரத்தைப் பார்த்தது. அங்கே யாருமில்லை. ஆம்ப்ரோஸ் பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டார். அவருடைய வலது தோள் தானாகக் கொஞ்சம் உயர்ந்தது, இடது கை முன்னால் போனது. கைகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை. அப்படியே ஒரு மூச்சு நேரம். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மான் நிதானமாக ஓடையைத் தாண்டி, வெர்லினின் நிலத்தைத் தாண்டி, கேமரா வைத்த காட்டுக்குள் போய்விட்டது.

“பாத்தியாம்மா? மான் இல்ல மான் இல்லன்னு ஊரே சொல்லுது” என்று சிரித்தார் ஆம்ப்ரோஸ். “அது எனக்கு லைசென்ஸ் இல்லாத வருஷமா பாத்து வருது. கெட்டிக்காரப் பய.”

சிரித்துக்கொண்டேதான் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிரிட்டாவின் கையில் இருந்த காபி ஆறிப்போனது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரிட்டாவும் வெர்லினும் கடையை மூடிவிட்டு ஒன்றாகவே வந்தார்கள். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறு வேலை என்பதால் பரிமாறுவது பிரிட்டா. ஏழு பேர் ஒரு நாள் முழுக்க அலைந்து கிடைத்தது மூன்று மான். வால்நட் மரத்தடியில் போன மானைப் பற்றித்தான் பேச்சு.

“யாராவது நின்னிருக்கணும்” என்றார் ஸ்டாஷ். “மூளை இருக்கிற எவனும் அந்த இடத்தைக் காலியா விடுவானா?”

“அது ஆம்ப்ரோஸ் இடம்” என்றார் வெர்லின், மூன்றாவது கிண்ணத்தை நீட்டிக்கொண்டே.

“அப்ப ரேட்டைக் குறைக்கச் சொல்லு! வெலைய ஏத்தினா மான் பெருகும்னு சொன்னானுங்க. வெலை மட்டும்தான் பெருகியிருக்கு. நாலு வருஷம் புள்ளி கட்டினோம், நாலு வருஷம்! குலுக்கல்ல ஏதோ தில்லுமுல்லு இருக்கு, நான் சொல்றேன்.”

நோர்ப் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கரண்டி விளிம்பில் பட்டு லேசாக டிக் டிக் என்று சத்தம் வந்தது.

“விடுடா ஸ்டாஷ்” என்றார் ஆம்ப்ரோஸ். “அதிர்ஷ்டம் தீந்துபோச்சு. ஹார்லன், என் துப்பாக்கியை எடுத்துட்டு வந்திருக்கேன், வண்டியில இருக்கு. உனக்குத்தான். வீட்டுல வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?”

“அதிர்ஷ்டம் தீரல” என்றாள் பிரிட்டா.

சொன்னது அவள்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மேஜையைச் சுற்றியிருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“குலுக்கல்ல தோக்கல. நீங்க குலுக்கலுக்குள்ளயே போகல. மூணு பேருக்கும் சராசரி நாலு வரல. எனக்கு மே மாசமே தெரியும். மெஷின்ல பாத்தேன். சரியா இருக்கான்னு கேட்டப்போ சரியா இருக்குன்னு சொல்லிட்டேன். சரியா இல்ல. ரெண்டு பேராப் போட்டிருந்தா கிடைச்சிருக்கும். நான் சொல்லியிருக்கணும். என் தப்பு.”

ஒரே மூச்சில் சொன்னாள். நோர்ப்பின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஸ்டாஷ் விரல் விட்டு எண்ணினார். “நான் நாலு கட்டினேன். ஆம்ப்ரோஸ் நாலு...”

“ரெண்டு” என்றார் நோர்ப். கரண்டியைக் கீழே வைத்தார். “நான் ரெண்டு வருஷம் கட்டல. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல மாமா. அவளுக்கு என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரல.”

ஆம்ப்ரோஸ் மைத்துனர் பக்கம் திரும்பினார். “ஏண்டா மச்சான்?”

“மொத வருஷம் ரேட்டை ஏத்தினான். அடுத்த வருஷம் சேத்துக் கட்டிக்கலாம்னு நெனச்சேன். சேத்துக் கட்ட முடியாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள...” நோர்ப் தலையைச் சொறிந்தார். “அந்தக் காசுல ஹீட்டர் வாங்கிட்டேன்.”

“எந்த ஹீட்டர்?” என்றார் ஸ்டாஷ்.

“ஏரி உறைஞ்சா ஐஸ்ல மீன் பிடிக்கப் போவோமே, அந்தக் கூடாரத்துல இருக்கே. அது.”

ஸ்டாஷ் தலையைக் குனிந்து கிண்ணத்தைக் கரண்டியால் வழித்தார். இரண்டு குளிர்காலம் அந்த ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு, இதைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டணும் என்று தினமும் சொன்னவர் அவர்தான்.

ஆம்ப்ரோசின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிரிட்டா பயந்துபோனாள். பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

“நல்ல ஹீட்டர்” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ரொம்ப நல்ல ஹீட்டர்டா அது. நான் என் இடுப்பை அதுகிட்டதான் கொடுத்து வெச்சிருந்தேன்.”

வெர்லின்தான் முதலில் சத்தமாகச் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் ஆம்ப்ரோஸ் தலையை அசைத்தார். “பரவாயில்ல. திரும்ப ஒண்ணா சேர்த்துக்குவோம். மூணு பேருமா இன்னும் ரெண்டு வருஷம் கட்டினா...”

“வேணாம்” என்றாள் பிரிட்டா. “ரெண்டு வருஷம் காத்திருக்க வேணாம். உங்களையும் ஸ்டாஷையும் தனியா போடறேன். அடுத்த வருஷம் அஞ்சு புள்ளி கேக்குமாம், இந்த வருஷத்தையும் சேத்து உங்க ரெண்டு பேருக்கும் அஞ்சு இருக்கு, மூணு பேராப் போட்டா வராது. வர்ற மே மாசமே போடறேன்.”

“மச்சானை விட்டுட்டு நான் வந்ததில்லம்மா.”

“விட்டுட்டு வரச் சொல்லல. அவரும் வரட்டும். இன்னிக்கு அவர் சமைச்சதுல யாராவது மிச்சம் வெச்சிருக்கீங்களா?”

எல்லாரும் அண்டாவைப் பார்த்தார்கள். அடியில் ஒரு எலும்பு கிடந்தது.

நோர்ப்பின் முகம் அவ்வளவு மலர்ந்து பிரிட்டா பார்த்ததில்லை. “உண்மையச் சொல்லட்டுமா மாமா? முப்பது வருஷமா அந்தப் பாலத்துல நின்னு கால் விரலெல்லாம் மரத்துப்போக, மான் வந்துடக்கூடாதேன்னுதான் நின்னேன். வந்தா சுடணுமே. எனக்கு இந்த அடுப்பு போதும்.”

“முப்பது வருஷமா!” என்று கத்தினார் ஸ்டாஷ். “அதான் பாலத்து வழியா அத்தனை மானும் தப்பிச்சுதா?”

ஆம்ப்ரோஸ் பிரிட்டாவைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார், அந்த எலும்பையாவது போடு என்பதுபோல.

“சரி. போடு” என்றார். “ஹார்லன், துப்பாக்கி வண்டியிலயே இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேலி சரிசெய்தார்கள். அவர்கள் மூவரும் ஒரு மான்கூடச் சுடவில்லை, அதனால் வேலி செய்ய வேண்டியதில்லை என்று ஹார்லன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டாஷ் கம்பியை இழுத்துப் பிடித்தார், நோர்ப் முறுக்கினார், ஆம்ப்ரோஸ் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தார். புது இடுப்பு போட்டதும் வால்நட் மரம் வரை ஓடிப் போய்க் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினார்.

திங்கள் காலை பெட்ரோல் போட நீல வண்டி கடைக்கு வந்தது. ஆம்ப்ரோஸ் முன் இருக்கையில் இருந்தபடியே கண்ணாடி வழியாகக் கையசைத்தார். நோர்ப் பின்னால் அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாஷ் உள்ளே வந்தார். மூன்று காபியும் ஒரு துண்டு பீட்சாவும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு முன் நின்றார்.

“ஏன் கண்ணு” என்று ஆரம்பித்தார். கண்ணில் அந்தப் பழைய குறும்பு. “அன்னிக்கு ராத்திரி அவ்வளவு பேசினியே. கடைசில லைசென்ஸ் வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேன்” என்றாள் பிரிட்டா. சில்லறையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “எனக்கு உள்ளூர் ரேட்தான். நீங்கதான் பாவம், வெளியூர் ரேட்ல இவ்வளவு பேசறீங்களே, உங்களுக்குக் கட்டுப்படியாகுதா?”

பீட்சா அடுப்புப் பக்கம் வெர்லினின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

ஸ்டாஷ் வாயைத் திறந்தார். சில்லறையைப் பார்த்தார். பிரிட்டாவைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. காது மடல் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. சொல்வதற்கு ஏதாவது கிடைக்குமா என்று அவர் மேலே கூரையைக்கூட ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, அவளுக்கு ஒரு முறை தலை வணங்கி, மூன்று காபியையும் பீட்சாவையும் ஒன்றாக அணைத்துப் பிடித்துக்கொண்டு, கதவை முதுகால் தள்ளி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வெளியே போனார்.